விற்பனைக்குச் சிரித்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்கிறார்கள். வீட்டை விற்றுப் பார், கல்யாணத்தை முறித்துப் பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்திருந்தால் இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்யத் துணிந்திருக்க மாட்டாள் ஹேரான்.

கல்யாணம் சுலபமாகவே முறிந்தது. தேகு நகரத்துக் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். யோசித்துவிட்டுப் போனார்கள். நீதிபதி, "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். ஹேரான் ஆமாம் என்றாள், கிதே தலையாட்டினான். வெளியே வந்து ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள். வேறு எங்கே போவது? சோல்பித் அடுக்ககத்து மூன்றாம் மாடி வீடு இருவர் பேரிலும் இருந்தது. அது விற்றால்தான் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அதுவரை பழைய புருஷனும் பழைய பெண்டாட்டியும் ஒரே செருப்பு அலமாரியைப் பகிர்ந்துகொண்டு குடியிருக்க வேண்டியதுதான்.

கிதே கெட்டவன் இல்லை, குடிகாரனும் இல்லை. கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவன், மலையேறும் சங்கத்து உறுப்பினன், வீட்டுக்குள்ளும் ஆரஞ்சு நிற மலையேற்றச் சட்டையைக் கழற்றாதவன். ஹேரானின் அம்மா செத்தபோது, மூன்று நாள் துக்கத்தில் இரண்டாம் நாள் காலையில், "சங்கத்து பஸ்ஸுக்கு முன்னாடியே பேரு குடுத்துட்டேன்" என்று சொல்லி மலைக்குப் போனவன். மருமகன் நிற்க வேண்டிய இடத்தில் அவள் தம்பி ஒற்றை ஆளாக நின்று வந்தவர்களை வணங்கிக்கொண்டிருந்தான். மாலையில் கிதே திரும்பும்போது மலையடிவாரத்தில் வாங்கிய ஒரு கட்டுக் கீரையோடு வந்தான். துக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் கீரையை ஆய்ந்து, வேகவைத்து, எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்து அவனுக்கே போட்டாள் ஹேரான். அவன் போனதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பாள். தான் அந்தக் கீரையை ஆய்ந்ததை அவளால் மறக்க முடியவில்லை.

முறிந்த பிறகு சமையல் மேடையில் இரண்டு ரைஸ் குக்கர்கள் வந்தன. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் நீல டேப் ஒட்டினாள். இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் அவனுடையது. படுக்கையறை அவளுக்கு, ஹால் சோஃபா அவனுக்கு. குக்கர்கள் இரண்டும் பேசும் ரகம். "சோறு தயார், நன்றாகக் கிளறி விடுங்கள்" என்று பெண் குரலில் ஒன்று சொல்லும். கொஞ்ச நேரத்தில் மற்றதும் அதே குரலில் அதையே சொல்லும். அந்த வீட்டில் ஒழுங்காகப் பேசிக்கொண்டவை அவை இரண்டுதான்.

அவள் மட்டும் கிளம்பிப் போயிருக்கலாமே என்பவர்கள் கிதேயைப் பார்த்ததில்லை. அவள் படியிறங்கினால் அவன் அந்தச் சோஃபாவிலிருந்து எழுந்திருக்க மாட்டான். சோறு ஆக்கியும் சம்பாதித்தும் அவள் சேர்த்த பாதி வீடு காலத்துக்கும் அவன் முதுகுக்கடியில் கிடக்கும். அந்தப் பாதியை நம்பித்தான் அவள் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். கிழக்குக் கடற்கரையில் உல்ஜினில் அவளுடைய பள்ளித் தோழி மியோங்சன் தொடுகறிக் கடை வைத்திருந்தாள். தனியாக முடியவில்லை, நீயும் பங்காளியாக வா என்று கூப்பிட்டாள். கடைக்கு மேலே ஒரு அறை, கடல் பார்த்த ஜன்னல், உள்ளிருந்து சாத்திக்கொள்ளக் கதவு. ஹேரான் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகச் சூப் கிளறித் தோள் மரத்துப்போனவள். பள்ளிக்கூடத்து ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிந்துவிடும். "மார்ச்சுக்குள்ள வந்துடு. அதுக்கு மேல, அந்த எடத்தக் கேக்கற என் நாத்தனார என்னால தடுக்க முடியாது" என்று மியோங்சன் சொல்லியிருந்தாள்.

மார்ச்சுக்குள் வீடு விற்க வேண்டும். இணையத்தில் விளம்பரம் போட்டு, அறுவடைத் திருநாள் போய், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை ஊறவைத்துக் கிம்ச்சி போடும் காலமும் வந்துவிட்டது. ஒரு போன்கூட வரவில்லை.

அடுக்ககத்து வாசலிலேயே தரகுக் கடை வைத்திருந்தவள் கோங் மால்சுக். அறுபதைத் தாண்டியவள், வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. ஹேரானைக் கூப்பிட்டுக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"சேரோம் அம்மா, நீயே பாத்துச் சொல்லு. இந்த வீட்ட நீ வாங்குவியா?"

சேரோம், ஹேரானின் மகள். சியோலில் வேலை பார்க்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு ஹேரானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரையில் முதல் படம் ஹால்: இருட்டு, சோஃபா முனையில் ஒரு கால். இரண்டாவது சமையலறை: தரையில் ஓர் ஆரஞ்சு நிழல். மூன்றாவது குளியலறை: கண்ணாடியில் செல்போனைப் பிடித்தபடி கிதேயின் வயிறு.

"யாரு எடுத்த படம்?"

"அவருதான்."

"அதான் எல்லாத்துலயும் அவரும் இருக்காரா? ஏண்டி, வீட்ட விக்கிறீங்களா, அவர விக்கிறீங்களா?"

"அவரச் சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல அக்கா."

கோங் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திரையில் விரலை வைத்து அழுத்தினாள். "இருட்ட சரி பண்ணிடலாம். இது என்ன, ரெண்டு குக்கரு? இது என்ன, சோஃபாவுல தலகாணி? பாக்கிறவளுக்குக் கண்ணு இல்லையா? வர்றவங்க ரூமு எத்தனன்னு அப்புறம்தான் கேப்பாங்க. மொத கேள்வி, இருக்கிறவங்க ஏன் போறாங்க. நல்லா வாழ்ந்து பெரிய வீட்டுக்குப் போறாங்கன்னா கண்ண மூடிட்டு ஒப்பந்தத்துல முத்திரை குத்துவாங்க. அந்த ராசி தனக்கும் வரும்னு. பிரிஞ்சு போற வீடுன்னா வாசப்படிய மிதிக்க மாட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னா? பிரியறதுக்காகக் கொஞ்ச நாளு சேந்து இருங்க."

ஹேரானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோங் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு. கூட்டம் அலைமோதற சாப்பாட்டுக் கடையில இருந்து ஒரு கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்து, செருப்பு அலமாரிக்குள்ள தலகீழா தொங்க விடு. வீடு சட்டுனு வித்துப்போகும். காசு குடுத்து வாங்கினா பலிக்காது" என்றாள்.

"திருடச் சொல்றீங்களா?"

"எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அப்படியாக, பிறத்தியார் வீட்டு மிளகாயைக்கூடக் கேட்காமல் கிள்ளாத ஹேரான், சந்தைத் தெருவில் வரிசை நிற்கும் பன்றிச் சூப்புக் கடையில் கிம்ச்சி வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். செருப்பு அலமாரிக் கதவின் உட்புறம் ஆணியடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

பிறகு வீட்டை மாற்றினாள். பழைய சாமான்களை வாரி வெளியே போட்டாள், ஜன்னல்களைத் தேய்த்துக் கழுவினாள், டேப்பை உரித்தாள். தன் குக்கரை வாஷிங்மெஷினுக்குப் பின்னால் துணி போட்டு மறைத்தாள். அலமாரிக்கு மேலே முகம் சுவர்ப் பக்கம் திருப்பிக் கிடந்த கல்யாணப் படத்தை ஹாலில் மாட்டினாள், பக்கத்தில் சேரோமின் பட்டமளிப்புப் படத்தை வைத்தாள். ஒன்றை மட்டும் எடுக்க மறுத்தாள். படுக்கையறைக் கதவின் உட்புறம் அவளே திருகாணி முடுக்கி வைத்த ஒரு சின்னத் தாழ்ப்பாள். "புருஷன் பெண்டாட்டி ரூமுல தாழ்ப்பாள் எதுக்குன்னு கேப்பாங்களே" என்றாள் கோங். "கேக்கட்டும்" என்றாள் ஹேரான். கோங் அதன்மேல் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு மறைத்தாள்.

படம் எடுக்க வெயில் ஹாலுக்குள் நீளும் காலை வேளையைத் தேர்ந்தெடுத்தாள் கோங். வெறும் வீட்டோடு நிற்கவில்லை. "மத்த தரகருங்க வீட்டக் காட்டுவாங்க, நான் வாழறவங்களையும் காட்டுவேன்" என்று இருவரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். கிதே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பெண் பார்க்க வந்தவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"சேரோம் அப்பா, அவ சோத்து மேல ஒரு துண்டு கிம்ச்சி எடுத்து வையுங்க. ஆசையா வையுங்க."

ஆசையாக வைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. சாப்பாட்டுக் குச்சிகளால் தூக்கினான், நீளத் துண்டு வழுக்கி வெள்ளைச் சட்டையில் விழுந்து மடியில் உட்கார்ந்தது. ஹேரான் சிரித்துவிட்டாள். நடிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். கோங்கின் காமிரா அந்த நேரத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தச் சிரிப்புதான் விதை.

விளம்பரம் புதிதாக ஏறியது. "தெற்குப் பார்த்த வீடு. குளிர்காலத்திலும் ஹால் நிறைய வெயில். மகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய தம்பதி பெரிய வீட்டுக்குப் போகிறார்கள்." அதன் கீழே, கலகலவென்று சிரிக்கும் இருவர். சரிபார்க்கப்பட்டது என்று இணையதளம் பச்சைக் குறியும் போட்டது. அன்றிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

போன் வந்ததும் ஹேரானுக்கு மூச்சு வந்திருக்க வேண்டும். மூச்சு முட்ட ஆரம்பித்ததுதான் நடந்தது. பார்க்க வருகிறவர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. "பத்து நிமிஷத்துல வர்றோம்" என்பாள் கோங். அதனால் நாடகத்தைக் கலைக்கவே நேரமில்லாமல் போனது. ஒளித்து வைத்த குக்கரை வெளியே எடுப்பானேன், மறுபடி ஒளிப்பானேன் என்று அது அங்கேயே கிடந்தது. ஒரே குக்கர் என்றால் ஒரே சோறு. ஒரே சோறு என்றால் ஆக்குகிறவள் யார் என்று கேட்கவும் வேண்டுமா? விருந்தாளி வந்தால் சோஃபாவில் அவன் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும், பழம் அரிந்து கொடுக்க வேண்டும், அவன் சொல்லும் மலைக் கதைக்குத் தலையாட்ட வேண்டும். விவாகரத்துக்கு முன்னால்கூட அவள் இவ்வளவு நல்ல பெண்டாட்டியாக இருந்ததில்லை.

கிதே இதில் தேர்ச்சி பெற்றான். கதவு மணி அடித்ததும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எறிவான். வந்தவர்களுக்குத் தானே காப்பி கலக்குவான். ஒரு நாள், "ஹேரான், கொஞ்சம் இங்க வாம்மா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அவள் பெயர் வந்ததில்லை. வந்திருந்த பெண்கள், "ஐயோ, எவ்வளவு ஆசையாக் கூப்பிடறாரு!" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். சமையலறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஹேரானுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேல் மாடியில் மாதர் சங்கத் தலைவி யோங்ஜா குடியிருந்தாள். எங்கள் அடுக்ககத்தின் மதிப்பைக் காப்போம், குறைத்து விற்பவர்களைக் கவனிப்போம் என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுகிறவள். அவள் லிஃப்டில் ஹேரானின் முழங்கையை இடித்து, "விளம்பரத்தப் பாத்தேன். என்ன, புதுப் பொண்ணு மாதிரி சிரிக்கிற! நம்ம கட்டடத்துக்கே கௌரவம்" என்றாள். சியோலிலிருந்து சேரோம் போன் செய்தாள். "அம்மா, படத்தப் பாத்து அழுதுட்டேன். நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தவளிடம், "அது வீடு விக்கப் போட்ட படம்டி" என்றாள் ஹேரான். மகள் விடவில்லை. "சிரிச்சது நெஜமாத்தானேம்மா தெரியுது" என்றாள். ஹேரான் படுக்கையறைக்குள் போய்ச் சட்டையை விலக்கித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, குளிருக்காகச் சூடேற்றிய தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆண்டுப் பிறப்பு கழிந்ததும் ஒரு குடும்பம் வந்தது. இளம் தம்பதி, அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம், கூட மாமியார். மாமியார் வீட்டைப் பார்க்கவில்லை, ஹேரானையும் கிதேயையுமே பார்த்தாள். "இந்த மாதிரி வயசான காலத்துல சிரிச்சிட்டு வெளிய போற வீடுதான் எனக்கு வேணும்" என்றாள். விலையில் பேரம் பேசவில்லை. நல்ல நாள் பார்த்து ஒப்பந்தத்துக்குத் தேதி குறித்தார்கள். ஹேரான் அன்று மாலையே மியோங்சனுக்குப் போன் போட்டாள்.

"ரூமக் கூட்டி வை. வந்துடறேன்."

"அழுறியா?"

"வெங்காயம் நறுக்கறேன்" என்றாள் ஹேரான். எதிரே வெங்காயம் எதுவும் இல்லை.

ஒப்பந்தத்தன்று கோங்கின் கடையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். தாள்கள் தயார். ஹேரான் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரையை எடுத்துச் சிவப்பு மைப் பெட்டியின் அருகே வைத்தாள். கோங், "சேரோம் அப்பா, உங்க முத்திரை?" என்றாள்.

கிதே இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். "மன்னிக்கணும். நாங்க விக்கல. யோசிச்சுப் பாத்தேன். இவ்வளவு ராசியான வீட்ட எவனாவது விப்பானா? நானும் என் சம்சாரமும் இங்கேயே இருந்துக்கறோம்."

ஹேரானுக்குக் காது அடைத்துப்போனது. அடைத்த காதோடு எழுந்து நின்று, "நான் இவர் சம்சாரம் இல்ல. எங்களுக்கு விவாகரத்து ஆகிடுச்சு. இது எல்லாமே விளம்பரத்துக்காகப் போட்ட நாடகம்" என்றாள்.

யாரும் திடுக்கிடவில்லை. மாமியார்க்காரி அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள். "கோவத்துல சொல்லாதம்மா. நான் என் புருஷன மாசத்துக்கு ஒரு தடவ விவாகரத்து பண்ணினவ. அவரு இவ்வளவு ஆசையா வீட்ட வெச்சிருக்காரு, இருந்துட்டுப் போங்க." கிளம்பும்போது அந்த இளம்பெண் வேறு, "நாங்களும் உங்கள மாதிரி வாழணும், அக்கா" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். பொய்யை ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் ஊடல் என்கிறார்கள். ஹேரானுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கிதே சமையலறையில் நின்று, முழுக் கிம்ச்சியைத் தட்டில் வைத்துக் கத்தரிக்கோலால் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். சூப்புக் கடைக் கத்தரிக்கோல்.

"இது உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"செருப்பு அலமாரியில தலகீழா தொங்கிட்டிருந்துச்சு. போன வாரமே எடுத்து வெச்சேன். நல்லா வெட்டுது. இத ஏன் அங்க போட்ட?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றாள். "வீடு விக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினான். அதே படம். மேசை, வெயில், சிரிப்பு.

"இதப் பாரு. தெனம் பாக்கறேன். எவ்வளவு நல்லா இருக்கோம் பாரு."

"அது விளம்பரம்."

"நீ சிரிச்சியே?"

"கிம்ச்சி விழுந்துச்சு, சிரிச்சேன். நாய் விழுந்தாலும் சிரிப்பேன்."

"இந்த ரெண்டு மாசமா நாம சண்டையே போடல" என்றான் கிதே. அவன் குரலில் பொய்யில்லை, அதுதான் கொடுமை. எத்தனையோ பேருக்காக அந்த விளம்பரத்தைச் செதுக்கினார்கள். கடைசியில் அதில் ஏமாந்தவன் அதற்குள்ளேயே குடியிருந்தவன்.

ஹேரான் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வாஷிங்மெஷினுக்குப் பின்னாலிருந்து தன் குக்கரை எடுத்துத் துடைத்து மேடையில் வைத்தாள். டேப்பைப் பழைய இடத்தில் ஒட்டினாள். கல்யாணப் படத்தை இறக்கிப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பினாள். தாழ்ப்பாளின் மேலிருந்த சட்டையை எடுத்தாள். எல்லாவற்றையும் தன் செல்போனில் படம் பிடித்தாள். சோஃபாவின் மடிந்த போர்வை, எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் இரண்டு துணிக்கொடிகள், தாழ்ப்பாள். கோங்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உனக்குப் பைத்தியமா? இதப் போட்டா ஈ காக்கா வராது."

"வேற யாரும் வர வேணாம். அவரு அந்தத் திரையில இருக்கறதத்தான் நம்பறாரு. நான் வாயால சொல்றத நம்பல. அவரு பாக்கட்டும்."

கோங் வெகுநேரம் கன்னத்தைச் சொறிந்தாள். தன் யோசனையால் வந்த வினை என்பது அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். ஹேரான் சொன்னபடியே எழுதினாள்: "விவாகரத்தான இருவர் குடியிருக்கும் வீடு. இருவரும் வெளியேற வேண்டும். வெயில் நன்றாக வரும்."

மறுநாளே யோங்ஜா லிஃப்டில் அவளை மறித்தாள். "அசிங்கமா இல்ல? இத்தன வீட்டு மதிப்பும் உன்னால கெடணுமா? உங்க வீட்டு ஊடலுக்குக் கட்டடத்த இழுக்காத. நாங்க பொய் விளம்பரம்னு புகார் குடுத்தாச்சு."

"எது பொய்?"

"நீங்க பிரிஞ்சிட்டீங்கங்கிறதுதான் பொய். எல்லாரும்தான் பாத்தோமே."

அன்று மாலை ஹேரான் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது கிதே செல்போனோடு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவன் குக்கரைப் பற்றிக் கேட்கவில்லை, கல்யாணப் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"இந்தத் தாழ்ப்பாள் எப்ப வெச்ச?"

"அம்மா செத்த வருஷம்."

"நாலு வருஷமாவா? கதவு இறுகிக்கிடக்குன்னு நெனச்சேன்." அவன் திரையைப் பார்த்தான், படுக்கையறைக் கதவைப் பார்த்தான். "நான் ஒண்ணும் உன்ன அடிச்சதில்லையே."

"அடிச்சதில்ல. தட்டாம உள்ள வருவீங்க. அழுதுட்டிருந்தா, என் சாக்ஸ் எங்கன்னு கேப்பீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. எந்தப் போன் வந்தாலும் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது அவன் வழக்கம்.

"வணக்கம் சார், வீட்டு விளம்பரச் சரிபார்ப்பு மையத்துல இருந்து பேசறோம். உரிமையாளர்ல உங்க பேரு முதல்ல இருக்கு. உங்க விளம்பரம் பொய்னு புகார் வந்திருக்கு. வீட்டுக்காரங்க ஒத்துமையா வாழறாங்க, விக்கிற எண்ணமே இல்லன்னு எழுதியிருக்காங்க. ஆதாரமா பழைய விளம்பரத்துப் படத்தயும் அனுப்பியிருக்காங்க. விக்கலன்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறோம். வீடு விலைக்கு இருக்குங்களா, இல்லைங்களா?"

ஹேரான் கழுவிய அரிசியோடு அசையாமல் நின்றாள். நீதிமன்றத்தில் ஆமாம் என்றாள், கோங்கின் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள், விளம்பரத்தில் எழுதிப் போட்டாள். இப்போது எல்லாம் இந்த ஆரஞ்சுச் சட்டைக்காரனின் வாயில் போய் நின்றது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால், உல்ஜின் அறைக்கு மார்ச்சில் நாத்தனார் வந்துவிடுவாள்.

"சார்? கேக்குதுங்களா?"

கிதே படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு" என்றான். "விக்கத்தான் போறோம். இந்தப் படமெல்லாம் உண்மைதான். முன்னாடி போட்டதுதான் பொய்."

"அது மேல புகார் எதுவும் வரலையே சார்" என்றது போன்.

ஹேரானுக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா, இந்த ஒரு சொல்தானா என்று வந்தது. அரிசியைக் குக்கரில் போட்டு மூடினாள், மூடி இரண்டு தரம் பிசகியது. அவன் தன் குக்கரில் தானே அரிசி போட்டான், தண்ணீரை அதிகமாக ஊற்றினான். அவள் சொல்லித் தரவில்லை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோறு தயார் என்றன. அவரவர் சோற்றை அவரவர் இடத்தில் சாப்பிட்டார்கள்.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பியபோது செருப்பு அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்புறம், அதே ஆணியில், கத்தரிக்கோல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிம்ச்சிக் கறை போகத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஹாலில் சோஃபாவிலிருந்து குறட்டை கேட்டது. அவள் அலமாரிக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.